கப்பலில் வைத்த பத்திரிகை

ஆகஸ்ட் 20, புதன்

பெயிண்ட் கம்பெனி இந்த வருடம் டீலர்களைக் கப்பலில் அழைத்துப் போகிறதாம். போன வருடம் திண்டுக்கல்காரர்களான எங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார்கள். அதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். வெள்ளிக்கிழமை சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஞாயிறு காலை அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். எந்த ஊருக்கும் போகாத கப்பல்.

கம்பெனி அனுப்பிய மெசேஜை அவர் சோபாவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். கப்பலில் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று ஒரு நீளமான செய்தி. வேளாவேளைக்கு பஃபே. நீச்சல் குளம். மேஜிக் ஷோ. இஸ்திரிப் பெட்டி, தீப்பெட்டி, சூடம், வீட்டில் சமைத்த சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது. கரை மறைந்ததும் போன் சிக்னல் போய்விடும். குமட்டினால் அடிவானத்தைப் பார்க்கவும்.

"உங்க தம்பி கடைக்கும் டிக்கெட் வந்திருக்கா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

தம்பி மகள் தாரணிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஓசூராம். தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. பூக்காரம்மாவுக்கு வைத்திருக்கிறார்கள், பால்காரருக்கு வைத்திருக்கிறார்கள். பூக்காரம்மா நேற்று முழம் போட்டுக்கொண்டே, "எப்போம்மா மண்டபத்துக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்டாள். கொசுவர்த்தி வாங்க வேண்டும் என்று ஏதோ சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பத்திரிகை என்பது காகிதம் இல்லை. வீட்டுக்கு வந்து, வாசல் ஏறி, உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, குங்குமம் நீட்டி, வாயால் கூப்பிட வேண்டும். பஸ் ஸ்டாண்டிலோ கடையிலோ பார்த்த இடத்தில் கையில் திணித்தால் அது அழைப்பில்லை, வராதே என்பதை மரியாதையாகச் சொல்வது.

பூங்கோதை என் கணவருடைய தம்பி மனைவி. ஒரே வீட்டில் இருந்தோம். அவள் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள், நான் வீட்டில் தாரணியோடு இருந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் அந்த ஏற்பாடு எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. தாரணி என் அறையில்தான் தூங்கினாள், என் முந்தானையில்தான் முகம் துடைத்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் கடையைப் பிரித்தபோது வீட்டையும் பிரித்தார்கள். தாரணி சாமான் வண்டியில் ஏற மாட்டேன் என்று அழுதாள். அப்போது பூங்கோதை எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "பெத்தவ நான்" என்றாள்.

எனக்கு இப்போது அதில் வருத்தம் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு அழைக்காததிலும் இல்லை. பெட்டியில் எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துகளை வைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரவு ரயில். இஞ்சி மரப்பா எடுத்துக்கொண்டேன், அது சமைத்த சாப்பாட்டில் சேராது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்திருக்கிறாள்.

துறைமுகத்தில் விமான நிலையம் மாதிரியே வரிசை, சோதனை. தேனி டீலரின் மனைவி அலமேலு, எலுமிச்சை சாதத்தைச் சோதனைக்காரர்கள் உள்ளே விட மாட்டோம் என்றதும் வரிசையில் நின்றபடியே முழு டப்பாவையும் காலி செய்தாள். அதைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பினேன். பின்னால் பூங்கோதை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். முடிக்குச் சாயம் அடித்திருக்கிறாள், காதோரம் சரியாகப் பிடிக்கவில்லை.

கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் அறைப் பட்டியலை வாசித்தார். ஜென்ட்ஸ் தனி, லேடீஸ் தனி, இரண்டு பேருக்கு ஓர் அறை. என் பெயருக்கு அடுத்ததாக அவள் பெயர். மாற்ற முடியுமா என்று கேட்டேன். "ஒரே குடும்பம்தானே மேடம், உங்களுக்கு வசதியா இருக்கும்னு நினைச்சோம்" என்றார். என் கணவரைப் பார்த்தேன். அவர் கிரேன்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கடல் படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இரண்டு கட்டில், நடுவே ஒருவர் பக்கவாட்டில் நடக்கிற அளவு இடம். ஒவ்வொரு கட்டிலிலும் துண்டை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள். கழிவறையில் பொத்தானை அழுத்தினால் யாரையோ உள்ளே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். கம்பெனி மெசேஜில் இது எதுவும் இல்லை.

நானும் அவளும் பேசுவதில்லை. அதனால் அவள் துண்டு அன்னத்திடம் பேசினாள்: "சில பேர் இருட்டுல தூங்குவாங்க. எனக்கு ஒரு விளக்காவது எரியணும்."

நான் என் கைப்பையிடம் சொன்னேன்: "சில பேருக்கு வெளிச்சம் இருந்தாத்தான் தைரியம்."

"தைரியம் இருக்கிறவங்க வீட்டுக் கதவைத் திறந்து வைப்பாங்க" என்றாள் அன்னத்திடம்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

கப்பல் கிளம்பும் முன் ஆபத்துக் காலப் பயிற்சி. எல்லோரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நிற்க வேண்டும். பட்டை பின்பக்கம் இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்தான் இழுத்துவிட வேண்டும். பூங்கோதை என் பட்டையை இழுத்தாள். எனக்கு மூச்சு நின்றது. நான் அவளுடையதை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சீருடைப் பெண் எங்களைப் பார்த்துப் பிரமாதம் என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

சிக்னல் போகும் முன்பு அவளுக்கு போன் வந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் காது கொடுக்கவில்லை. அவள் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டிருந்தால் அதுகூடக் கேட்டிருக்காது: "இன்னும் இல்லடி... நாளைக்குள்ள... சரி, அழாதே. நீ அழுதா நான் என்ன பண்ணட்டும்?"

அவள் டி போட்டுப் பேசுவது ஒரே ஒருத்தியோடுதான்.

ஆகஸ்ட் 23, சனி, காலை

தோசைக் கவுண்டரில் ரேஷன் கடை வரிசை. டீலர்களின் மனைவிகள் எல்லோருக்கும் எங்கள் கதை தெரியும். அலமேலு என் தோளைத் தொட்டு, "கோமளாக்கா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு" என்றாள். நான் இடப்பக்கக் கடலைப் பார்த்தேன், பூங்கோதை வலப்பக்கக் கடலைப் பார்த்தாள்.

சட்னி எடுத்துக்கொண்டு திரும்பியபோது நீச்சல் குளத்துப் பக்கம் என் கணவரும் அவர் தம்பி ராஜவேலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அரை டிரவுசரில். ராஜவேல் என் கணவர் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்றுகொண்டே ஏதோ சொல்ல, இவர் தோள் குலுங்கச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் எதிரெதிர்த் திசையில் திரும்பி உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக் கரும்பு எங்கள் கொல்லையில் எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அறைக்கு வந்தபோது பூங்கோதை சுருண்டு படுத்திருந்தாள். கப்பல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அலையே இல்லாத கடலில் ஒருத்தி இவ்வளவு வாந்தி எடுப்பாள் என்று தெரியாது. அடிவானத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இந்த அறையில் அடிவானம் படத்தில்தான் இருக்கிறது. அவள் பாடு. நான் மேல்தளத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் என் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மேசையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் கைப்பையின் ஜிப் சரியில்லை, விழுந்திருக்கும்.

சனி, மதியம்

எழுத்து கோணலாக விழுகிறது. கப்பல் ஆடுவதால் இருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடி மேசையில், என் சீப்புக்கும் அவளுடைய பவுடர் டப்பாவுக்கும் நடுவில், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவள் கட்டிலில் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இது என்ன?" என்றேன். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தைகள்.

"பார்த்தா தெரியலையா?"

"மெனு கார்டு மாதிரி கிடந்துச்சு. ராத்திரிக்கு என்ன போடறாங்கன்னு பார்க்கலாம்னு எடுத்தேன்."

அவள் சேலையைக் கீழே போட்டாள். "உங்க வாசல் ஏறி வந்து கூப்பிடணும். அதானே? நான் வர மாட்டேன். ஒருக்கா வந்தேன். தட்டுனேன். உள்ளே டிவி ஓடுது. எதிர்வீட்டுல வேடிக்கை பார்க்கறாங்க. நீங்க திறக்கலை."

"நான் குளிச்சுக்கிட்டிருந்தேன்."

"அவ்வளவு நேரமா?"

"தலைக்குக் குளிச்சேன்."

அதுதான் நடந்தது. எங்கள் குளியலறை பின்பக்கம் இருக்கிறது. தண்ணீர் விழுந்தால் வாசலில் யார் நின்றாலும் கேட்காது. அவள் இன்னும் ஒரு தடவை, நான்காவது தடவையாகத் தட்டியிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன்.

"எதுக்கு வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "சண்டை போட இல்ல. வீடு பிரிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. தாரணிக்கு டைபாய்டு. சாப்பாடே இறங்கலை. நான் வெச்ச ரசத்தைத் தள்ளிவிட்டா. பெரியம்மா வரட்டும், பெரியம்மா வரட்டும்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. பெத்தவ நான். என் காதுல விழுற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தா. அதைக் கேட்டுட்டு, செருப்புகூட மாத்தாம உங்க வாசல்ல வந்து நின்னேன். உங்ககிட்டக் கையேந்த வந்தேன்."

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. தாரணி அப்புறம் ஒரு தடவை போன் செய்தபோதுகூட அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் என்னோடு பேச வேண்டாம் என்று நான்தான் வைத்துவிட்டேன், நல்லதற்காக.

"இப்பவும் எனக்காக இல்ல" என்றாள் பூங்கோதை. "என்னைக் கேட்டா நீங்க வராட்டி நிம்மதி. வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பாங்க, இவதான் வளர்த்தவன்னு. ஆனா அவ சொல்லிட்டா. பெரியம்மா வராம மணமேடை ஏற மாட்டாளாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"பெத்தவ நீதானே. நீ சொன்னா ஏறுவா."

சொன்ன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தேன். அவள் முகம் காகிதம் மாதிரி வெளுத்தது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் அவளுடைய சேலையை மடித்து வைத்தேன், அறை சின்னது, கால் தடுக்கும்.

சனி, மாலை

டீ நேரத்துக்கு வந்தாள். டீ ட்ரேயில் இருந்த எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்தாள். பஃபேயிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஆப்பிளை அதில் வைத்தாள். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழ். வெற்றிலை இல்லை. அதன் இடத்தில் பத்திரிகை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அதைத் திறக்கிற அட்டை உள்ளேதான் இருந்தது, விளக்கு எரிவதற்காகச் சுவரில் செருகி வைத்திருந்தோம். அவள் மறந்திருக்க மாட்டாள். கடைச் சாவியை ஒருநாளும் மறந்ததில்லை அவள்.

தட்டினாள்.

இந்த அறை எங்கள் கடைப் பெயரில் போட்டது. வாசலில் நம்பர் இருக்கிறது. நாளைக் காலைவரைக்கும் இது என் வீடு என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். திண்டுக்கல்லில் இருக்கிற என் வாசலை மிதிக்க மாட்டாள். ஆனால் என் வாசலில்தான் கூப்பிடுவாள். கல்லாவில் உட்கார்ந்த மூளை.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. எழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? வெளியே நடைபாதையில் மேஜிக் ஷோவுக்குப் போகிறவர்களின் பேச்சு கேட்டது. அலமேலுவின் குரல் கிட்டத்தில் வந்து, என்ன பூங்கோதை தட்டோட நிக்கிறே, சாவியைத் தொலைச்சிட்டியா என்றது.

இரண்டாவது தடவை தட்டினாள்.

கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. இருந்தும் போய்ச் சேர நேரம் ஆனது. அவள் மூச்சு விடுவது கேட்டது. இந்தக் கதவுகள் மெல்லியவை. உள்ளே நான் நிற்பது அவளுக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவது தடவை தட்டினாள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

திறந்தேன்.

தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். அவளுக்குப் பின்னால் அலமேலுவும் இன்னும் இரண்டு டீலர் மனைவிகளும், மேஜிக் ஷோவை மறந்துவிட்டு.

"வாங்க" என்றேன். அவளை நான் வாங்க போட்டதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வா, போதான். விருந்தாளி என்றால் விருந்தாளி மாதிரி இருக்கட்டும்.

உள்ளே வந்து, தன்னுடைய கட்டிலிலேயே, முதல் தடவை வருகிறவள் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தாள். கப்பல்காரர்கள் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு எழுந்து நின்று தட்டை நீட்டினாள்.

"தாரணிக்கு ஆவணி இருபத்தாறு கல்யாணம். மாமாவும் நீங்களும் முன்னாடியே வந்திருந்து, நின்னு நடத்திக் குடுக்கணும்." கடையில் பாக்கி வசூல் செய்கிற குரலில் சொன்னாள். ஒரு வார்த்தை குறையவில்லை. கூடுதலாகவும் இல்லை.

"அவர் இல்லாம நான் மட்டும் எப்படி வாங்கிக்கறது? ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போதுதான் கூப்பிடணும்."

"மாமாவுக்கு எல்லாம் தெரியும். பத்திரிகை புரூஃப் பார்த்ததே அவர்தான். உங்க பேர்ல எழுத்துப் பிழை இருக்குன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார். இந்த ரூமைக் கேட்டு வாங்கினதும் அவர்தான்."

குங்குமம் எடுத்துக்கொண்டேன். விரல் தட்டில் பட்டு ஆப்பிள் உருண்டது, அவள் பிடித்தாள். தட்டு என் கைக்கு வந்தது. அலமேலு வாசலில் மூக்கை உறிஞ்சினாள், அவளுக்கு என்னவோ.

"பார்க்கலாம்" என்றேன். உடனே வருகிறேன் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

"பாருங்க" என்றாள். கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றினாள். திரும்பவும் அதே கட்டிலில், இந்தத் தடவை கால் நீட்டிப் படுத்தாள்.

பத்திரிகையை அவள் தூங்கிய பின்தான் பிரித்தேன். பெரியப்பா, பெரியம்மா என்று அப்பா அம்மா பெயருக்கு அடுத்த வரியில் எங்கள் பெயர். பிழை இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் என் கணவர் தோசைத் தட்டோடு என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து வேறு மேசைக்குப் போனேன். அங்கேயும் வந்து, கோபமா என்றார். இனி அவரோடு எவ்வளவு காலம் பேசாமல் இருப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தம்பியோடு வடையைப் பங்குபோட்டவர் கொஞ்ச நாள் அவனோடேயே பேசிக்கொள்ளட்டும்.

கரை தெரிந்தது. முதலில் புகை, பிறகு கிரேன்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சிக்னல் வந்து பூங்கோதையின் போன் அடித்தது. இந்தத் தடவை கழிவறைக்குள் போகவில்லை. என் முன்னாலேயே எடுத்தாள்.

"கூப்பிட்டேன்... ஆமா, வாயாலதான்... தண்ணிகூடக் குடிச்சேன்... நீயே கேட்டுக்கோ." போனை என் பக்கம் நீட்டினாள், முகத்தைக் கடல் படத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு.

"பெரியம்மா" என்றாள் தாரணி. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. வளர்ந்துவிட்டாள். "வருவீங்களா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். ஏசி அறையில் இரண்டு நாள் தூங்கியதில் இந்தக் காது அடைத்திருந்தது. அவள் மறுபடியும், பெரியம்மா, லைன்ல இருக்கீங்களா, வருவீங்களா என்றாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூங்கோதை திரும்பி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வருவாங்கடி" என்றாள். "வராம எங்க போவாங்க."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள்.

யாரைக் கேட்டு எனக்காக அவள் பதில் சொன்னாள்? அந்தத் திமிரை நான் சும்மா விடப்போவதில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே போய், எல்லா வேலையும் முடிந்து, பெண்ணை அனுப்பிவிட்டு அவள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நேராகவே கேட்பேன்.